செம்புச் சொம்பில் கடல்நீர்

புளி போட்டுத் தேய்த்த செம்பின் வாசனை இன்னும் விரலை விட்டுப் போகவில்லை. அப்பா, நாளை உங்கள் முதல் திவசம். உங்கள் சொம்பைத் துலக்கிக் கவிழ்த்துவிட்டு, குழந்தை தூங்கும் நேரத்தில் இதை எழுதுகிறேன். உயிரோடு இருந்தவரை மருமகள் பேச்சைப் பாதியில் வெட்டுவீர்கள். இப்போது முழுவதும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

வெங்காயம்கூட நுழையாத மயிலாப்பூர் வீட்டில், கூடத்து நடுவில் கடல்மீன் தொட்டி வைத்தீர்கள். சாந்தோம் கரையிலிருந்து கடல்நீர் கொண்டுவரும் மீன்காரர் ஒருநாள் கேட்டார்.

“இன்னா சாமி, துன்னவும் மாட்டேன்ற, விக்கவும் மாட்டேன்ற. இதுங்களால உனக்கு இன்னா லாபம்?”

“எதிர்த்துப் பேசறதில்லை” என்றீர்கள், என்னைப் பார்த்துக்கொண்டே. அவர் சிரித்தார். நானும் சிரிக்க வேண்டியிருந்தது.

தொட்டியை நீங்கள் கண்ணாகப் பார்த்துக்கொண்டீர்கள். நீர் ஆவியாகிக் குறைந்தால் கிணற்று நீர்தான் விடுவீர்கள், கடல்நீர் விட்டால் உப்பு ஏறிவிடுமென்று. எண்ணெய்க் கையோடு யாரும் கிட்டே வரக் கூடாது. இறால் நறுக்கிப் போடுவது மட்டும் என் வேலை, நீங்கள் மடி, தொட மாட்டீர்கள். மசக்கையில் கொல்லைப்புறம் உட்கார்ந்து நறுக்கி, வாந்தியெடுத்து, தலைக்கு ஊற்றிக்கொண்டபிறகுதான் நான் அடுக்களைக்குள் வரலாம்.

தினமும் ஒரு சொம்பு பழைய நீரை எடுத்துவிட்டு, புதுக் கடல்நீர் ஒரு சொம்பு. அது ராத்திரி முழுக்க இந்தச் செம்புச் சொம்பில் தங்க வேண்டும். “செம்புல இருந்தாத்தான் ஜலம் சுத்தமாகும்” என்பீர்கள்.

“உப்புத் தண்ணியில செம்பு கரையும்ப்பா. மீன் தாங்கிக்கும். கடல் சாமந்தி தாங்காது” என்றேன். பாறைத் துண்டில் ஒட்டிக்கொண்டு பூப்போல விரியும் அந்தப் பிராணிதான் உங்களுக்கு உயிர். நான் விலங்கியல் படித்தவள். வந்திருந்த உங்கள் சிநேகிதரிடம் திரும்பினீர்கள். “பார்த்தேளா, காலேஜ்ல தவளையை அறுத்துட்டு வந்து எனக்குப் பாடம் எடுக்கறா.”

கரண்ட் போனால் தொட்டிக்குக் காற்று விடும் மோட்டார் நின்றுவிடும். அப்போது அதே சொம்பில் மொண்டு, உயரத் தூக்கி, தொட்டியிலேயே திரும்ப ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும். “காப்பி ஆத்தற மாதிரி ஆத்து. நிறுத்தாதே.”

அந்தக் கத்திரி வெயில் மத்தியானம் உங்கள் பிள்ளை ஊரில் இல்லை. தூளியில் உங்கள் பேத்திக்கு அனலாய் ஜுரம். நான் ஆற்றிக்கொண்டிருந்தேன். அவள் அழுதாள்.

“ஒரு நிமிஷம் பார்த்துட்டு வந்துடறேன்ப்பா.”

“குழந்தை அழுதா செத்துடாது. நீ நிறுத்தினா மீன் செத்துடும்.”

பிறகு அழுகை நின்றது. “பார், அடங்கிடுத்து” என்றீர்கள். நான் சொம்பைப் போட்டுவிட்டு ஓடினேன். தூளிக்குள் கண் மேலே செருகி, கைகால் வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. அள்ளியெடுத்துக்கொண்டு செருப்பில்லாமல் டாக்டர் வீட்டுக்கு ஓடினேன். ஜுர வலிப்பு, பிழைத்துவிடும் என்று அவர் சொன்ன பிறகே எனக்கு மூச்சு வந்தது.

திரும்பி வந்தபோது கரண்ட் இன்னும் வரவில்லை. நீங்களே நின்று ஆற்றிக்கொண்டிருந்தீர்கள், அந்தச் சொம்பால். குழந்தை எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை. “சாமந்தி சுருங்கிடுத்து. உன்னாலதான்” என்றீர்கள்.

அது கரைந்து போனது. அடுத்து வாங்கியதும் போனது. “ஒரு உயிரை வச்சுக் காப்பாத்தத் தெரியலை. குழந்தையை என்ன பண்ணப் போறாளோ” என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னீர்கள். செம்பைப் பற்றி நான் மறுபடி வாய் திறக்கவில்லை. தினமும் காலையில் நீங்கள் உங்கள் கையாலேயே அந்தச் செம்பு நீரை ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நீங்கள் போன பிறகும், குழந்தையைப் பற்றிய அந்தப் பேச்சு மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. இப்போதும் கரண்ட் போனால், தூங்குகிறவளின் மூக்கடியில் விரல் வைத்துப் பார்க்கிறேன். காற்று படுகிறது. இருந்தும் கையை எடுக்க மனம் வருவதில்லை. நீங்கள் சொன்னது பலித்துவிடுமோ என்ற பயம் உங்களோடு போயிருக்க வேண்டியது, என்னிடம் தங்கிவிட்டது.

தொட்டியைக் கடலில் கொட்டிவிடலாம் என்றார் உங்கள் பிள்ளை. நான் சம்மதிக்கவில்லை. பிளாஸ்டிக் வாளி, பிளாஸ்டிக் மக் வாங்கினேன், தண்ணீரையெல்லாம் மாற்றினேன். புதுச் சாமந்தி உள்ளங்கை அகலத்துக்கு விரிந்திருக்கிறது. உங்கள் பேத்தி கண்ணாடியில் மூக்கை அழுத்தி அதைப் பார்க்கிறாள்.

நாளை இந்தச் சொம்பில் ஜலம் நிரப்பி உங்கள் படத்தின் முன்னால் வைப்பேன். நீங்கள் ஆசைப்பட்டபடியே பளபளக்கிறது. அங்கே அதில் எதுவும் உயிரோடு இருக்க வேண்டியதில்லை.