பாதியில் எடுத்த புத்தகம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். நீயும் அப்பாவும் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? நான் நன்றாகத்தான் சாப்பிடுகிறேன், இளைக்கவில்லை.

பள்ளி நூலகங்களுக்குப் புத்தகம் தேர்ந்தெடுக்கிற வேலையில் போன வாரம் ஒரு சின்னத் தகராறு. தன் அம்மா ஆஸ்பத்திரியில் கிடக்கிற ஒரு சிறுமியின் கதையை ஒரு பள்ளிக்கு வாங்கிக் கொடுத்திருந்தேன். கடைசியில் அந்த அம்மா இறந்துவிடுவாள். "பிள்ளைங்களுக்கு எதுக்குங்க சாவுக் கதையெல்லாம்?" என்று தலைமையாசிரியை கோபித்துக்கொண்டார். எவ்வளவு சொல்லியும் எடுபடவில்லை. நானே போய் எடுத்துவர வேண்டியதாயிற்று.

அதைப் பாதி படித்திருந்த ஒரு பெண் வாசல்வரை என் பின்னாலேயே வந்தாள். அவளுடைய அம்மாவும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறாளாம்.

"அக்கா, அந்த அம்மா பொழச்சுக்குவாங்களா? அதை மட்டும் சொல்லிட்டுப் போங்க."

"நானே இன்னும் படிச்சு முடிக்கலடா கண்ணு."

"படிக்காமலா எங்களுக்கு வாங்கிக் குடுத்தீங்க?"

பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

இதற்கெல்லாம் நீ கவலைப்படாதே. தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் தீர்ந்துவிட்டது, யாராவது வந்தால் கொடுத்தனுப்பு. போனில் பேச ஒன்றுமில்லை என்று சட்டென்று வைத்துவிடாதே. என்ன சமைத்தாய் என்றாவது சொல். அப்புறம், உன் ஸ்கேனைப் பார்த்து டாக்டர் என்ன சொன்னார்? அப்பாவைக் கேட்டால் "ஒண்ணுமில்லம்மா" என்றே மழுப்புகிறார். நீயாவது உள்ளதை எழுது, அம்மா.

ஆபீசுக்கு நேரமாகிவிட்டது, ஓடுகிறேன்.

உன் மகள்