புதன்கிழமை வகுப்பும் இருபத்துமூன்று விண்ணப்பமும்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உண்டு, உறங்கி, வழக்கம்போல் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறோம். நீயும் அங்கே அப்படித்தான் இருக்கிறாய் என்று போன புதன்கிழமை வரை நம்பிக்கொண்டிருந்தேன். போனில் கேட்கலாம் என்றால் உன் அம்மா என் தோளுக்குப் பின்னாலேயே நிற்கிறாள், அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில், புதன்கிழமைதோறும் நீ அங்கிருந்து கணினி வழியே நடத்தும் வகுப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உன் அண்ணன் மகள் வாயாடியும் அடுத்த வீட்டுப் பிள்ளைகள் நான்கு பேரும் நாலு மணிக்கு நம் கூடத்தில் கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டால் வீடு இரண்டுபடுகிறது. கட்டளை எழுதிய கட்டங்களை ஒன்றின்கீழ் ஒன்றாகக் கோத்தால் திரையிலிருக்கும் வாத்து நடக்கும் என்று சொல்லிக்கொடுத்தாய், சரி. "வாத்துக்குச் சொந்த புத்தி கிடையாது, நீங்க சொன்னதை மட்டும், சொன்ன வரிசையில செய்யும்" என்றாய், அதுவும் சரி. அது புரிவதற்காக என்னை வாத்தாக்கினாயே, அது எந்தப் பள்ளிக்கூடத்தில் கற்ற வித்தை? எழுந்திரு, ஐந்து அடி நட, கதவைத் திற என்று காகிதத் துண்டுகளை நீட்டினார்கள். கதவு மூன்றாவது அடியிலேயே வந்துவிட்டது. சொன்ன சொல் தவறக்கூடாது என்று நானும் நடந்தேன், மூக்குக்கண்ணாடி வளைந்ததுதான் மிச்சம். "சின்னப் பிள்ளைங்க சொன்னா கதவுல போய் முட்டிக்குவீங்களா" என்று உன் அம்மா கேட்டாள். அடுத்து, 'எப்போதும் திரும்பச் செய்' கட்டத்துக்குள் உட்கார், எழு இரண்டையும் போட்டுவிட்டு ஐந்து பேரும் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்கள். என் முழங்கால் இன்னும் உன்னைத் திட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்த 'என்றால்' கட்டம் மட்டும் எனக்குச் சட்டென்று பிடிபட்டது. கதவு திறந்திருந்தால் நகராதே என்பதை நம்பித்தானே முப்பது வருஷமாக நான் பழுது பார்க்கும் லிப்டில் ஊரே ஏறி இறங்குகிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் வாத்தைக் காட்டுவதற்காக உன் திரையை அப்படியே எங்களுக்குத் திறந்துவிட்டாய். வாயாடிதான் இப்போது சோப்பு உறையைக்கூட விடாமல் உரக்கப் படிக்கிறவளாயிற்றே. ஓரத்தில் இருந்த கோப்புகளின் பெயரையும் படித்தாள். புது வேலை விண்ணப்பம் ஒன்று, விண்ணப்பம் இரண்டு என்று தொடங்கி இருபத்துமூன்றில் வந்து நிறுத்தி, "தாத்தா, அத்தை எதுக்கு இத்தனை வேலை கேக்கிறாங்க?" என்றாள். நீ வாத்தைத் திரை முழுவதும் பெரிதாக்கி எல்லாவற்றையும் மூடினாய். முழுப் பூசணிக்காயை வாத்துக்குப் பின்னால் மறைத்தவள் உலகத்திலேயே நீ ஒருத்திதான். அதற்கப்புறம்தான் என் மரமண்டைக்கு உறைத்தது. இங்கே நாலு மணி என்றால் அங்கே காலை பத்தரை மணி. ஆபீஸில் இருக்க வேண்டிய நேரத்தில் இரண்டு மாதமாக ஐந்து குட்டிப் பிசாசுகளோடு மல்லுக்கட்டுகிறாயே, வேலை போய்விட்டது, அப்படித்தானே?

உன்மேல் எனக்குக் கோபமில்லை. இந்தக் குணம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாதா? நீ ஆறாம் வகுப்பு படித்தபோது எங்கள் கம்பெனியை மூடிவிட்டார்கள். நாற்பது நாள், காலையில் கருவிப் பையோடு கிளம்பி நூலகத்தில் பேப்பர் படித்துவிட்டு மாலையில் வீடு திரும்பினேன். ஒருத்தருக்கும் தெரியாது என்று நினைத்தேன். சட்டையில் கிரீஸ் இல்லை என்று உன் அம்மா இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டாளாம், பல வருஷம் கழித்துத்தான் சொன்னாள். தெரிந்துகொண்டே அந்த அழுக்கில்லாத சட்டையைத் தினமும் துவைத்துப் போட்டிருக்கிறாள். வேலை இல்லாததைக்கூடத் தாங்கிக்கொண்டேனம்மா, அதை மனதில் வைத்துக்கொண்டு வீட்டில் சிரித்துப் பேசியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதை நீ அங்கே தனியாகச் செய்துகொண்டிருக்க வேண்டாம். உன் அம்மாவின் பொறுமை எனக்குக் கிடையாது, அதனால் நேராகவே கேட்டுவிட்டேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. இருபத்துநான்காவது விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு ஒரு மாதம் இங்கே வந்து இரு, நீ எந்த ஊரில் இருந்தாலும் பதில் வந்து சேரும். பிள்ளைகளின் வகுப்பை மட்டும் நிறுத்திவிடாதே, அவர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை போனில் "ஆபீஸ்ல ஒரே வேலைப்பா" என்று ஆரம்பிக்காதே, உனக்குப் பொய் சொல்ல வராது. எல்லா நலமும் பெற்று நீ நன்றாக இருப்பாய், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

உன் அம்மாவிடம் நான் மூச்சுவிடவில்லை. வாயாடி படித்தபோதும் அவள் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் நேற்று உன் அறையைப் பெருக்கித் துடைத்து, மெத்தையை வெயிலில் போட்டு எடுத்து, தலையணைக்கு உறை மாற்றிக்கொண்டிருந்தாள். யார் வருகிறார்கள் என்று ஒன்றும் தெரியாதவன்போல் கேட்டேன். "வர்றப்ப வரட்டும், வந்ததும் அவகிட்ட எதுவும் கேட்டுக்கிட்டு இருக்காதீங்க" என்றாள்.

இப்படிக்கு,
உன் அப்பா