மஞ்சள் கிழங்குத் தாலி

தை மாதம், வெள்ளிக்கிழமை இரவு. நன்னிலம்.

அடுத்த மாதம் அவருக்கு அறுபது. திருக்கடையூரில் எனக்கு மறுபடி தாலி கட்டுவார். புதுத் தாலி வாங்க இன்று நகைக்கடைக்குப் போனோம். விலையைக் கேட்டதும், கல்யாணத்துக்கு எங்கப்பா போட்ட மோதிரத்தைக் கழற்றிக் கடைக்காரரிடம் நீட்டினார். மளிகைக்கும் மருந்துக்கும் என் வளையல் போனது போதாதா? பிடுங்கி அவர் விரலிலேயே மாட்டி இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் கட்டினாலும் தாலிதான்.

நாத்தனார் போனில் குதித்தாள். "குண்டுமணித் தங்கமாவது வேண்டாமா அண்ணி? நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

"அந்த நாலு பேரையே வாங்கித் தரச் சொல்லு."

இப்போது அவர் பொங்கல் பானையில் கட்டிய மஞ்சள் கொத்திலிருந்து ஒரு கிழங்கை ஒடித்து, "இது போதுமா?" என்கிறார்.

"பெரிசா எடுங்க. நாலு பேர் கண்ணுக்கும் தெரியணும்."