கயிற்றைப் பிடுங்கினேன்

ஜனவரி 11, ஞாயிறு

சேர்ச்சில் பூசை முடிந்து வந்து கோழிக்கறி வைத்துக்கொண்டிருந்தபோது என் மனுசன் றோய் வந்து சொன்னார். பெப்ரவரி ஃபமிலி டே விடுமுறைக்கு வடக்கே ஏரிக்கரையில் கொட்டேஜ் வாடகைக்கு எடுத்திருக்கிறார்களாம், அவருடைய சிநேகிதன் கீதன் குடும்பமும் நாங்களும். கீதனிடம் இரண்டு ஸ்னோமொபில், பனிக்கு மேல் ஓடுகிற மோட்டார் வண்டி, இருக்கிறதாம். ஒன்றை இவர் ஓட்டுவாராம், மற்றதை மகள் அன்ரனெற் ஓட்டலாமாம்.

அவளுக்குப் பதின்மூன்று வயது. கென்னடி ஸ்டேஷனுக்குத் தனியாக பஸ்ஸில் விட்டாலே அவள் போய்ச் சேரும்வரை எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கும். கறிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டேன். தகப்பனும் மகளும் ஸ்னோமொபில் கதையில் அதைக்கூடக் கவனிக்காமல் சாப்பிட்டார்கள்.

ஜனவரி 14, புதன்

நான் வேலை செய்கிற பல் கிளினிக்கில் மத்தியானம் ஆள் குறைவு. பல் பிடுங்க வந்தவர்களை இருத்திவிட்டுச் சட்டத்தைத் தேடி வாசித்தேன். கார் லைசன்ஸ் இல்லாத பிள்ளைகள், பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்கள், பாதுகாப்பு வகுப்புக்குப் போய்ச் சோதனையில் பாஸ் பண்ணினால்தான் ஸ்னோமொபில் பாதையில் ஓட்டலாம். கார் லைசன்ஸ் உள்ள பெரியவர்களுக்கு ஒரு வகுப்பும் தேவையில்லை.

இது என்ன நியாயம்? பிள்ளை படிக்க வேண்டும், தகப்பன் படிக்கத் தேவையில்லை. றோயிடம் கேட்டேன். பெரிய லொறியை மொன்றியலுக்கு ஓடுகிறவனுக்கு உது ஒரு விளையாட்டுச் சாமான் என்றார்.

அவள் ஃபெயில் விட்டால் நல்லது என்று நினைத்தேன். ஒரு தாய் இப்படி நினைக்கலாமா? நினைத்தேன்தான்.

ஜனவரி 24, சனி

விடியவே வெளிக்கிட்டு வடக்கே ஒரு சின்ன ஊருக்குப் போனோம். ஊர் மண்டபத்தில் வகுப்பு. பிள்ளைகளை விட்டுவிட்டு மற்றத் தாய் தகப்பன்மார் கோப்பி குடிக்கப் போய்விட்டார்கள். நான் பின்வரிசையில் காவலுக்கு இருந்தேன்.

படிப்பித்தவர் மார்கிரெட் என்ற பெண். நரைத்த பின்னல், பெரிய குரல். கைச் சைகைகள், தலைக்கவசம், வண்டி சரிந்தால் காலை ஊன்றக் கூடாது என்பதெல்லாம் சொன்னார். வண்டியில் ஒரு சுருள் கயிறு இருக்கிறது. அதன் ஒரு நுனியை ஜக்கெட்டில் கொளுவ வேண்டும். ஓட்டுகிறவர் விழுந்தால் கயிறு கழன்று எஞ்சின் நின்றுவிடும்.

பிறகு ஏரி. வெள்ளையாய்ப் பனி மூடிய ஏரிப் படம் ஒன்றைக் காட்டி, மெல்லிய ஐஸ் எங்கே என்று கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கும் பார்த்தால் தெரியாதுதான் என்றார். மேலே கிடக்கிற பனி போர்வை மாதிரி, அது குளிரைக் கீழே விடாது, அதனால் பனி கூடக் கிடக்கும் இடத்தில் ஐஸ் மெல்லியதாக இருக்கலாம் என்றார். துளை போட்டு அளக்காத ஐஸில் ஏற வேண்டாம் என்று மூன்று தரம் சொன்னார்.

இருபது வருடம் இந்த நாட்டில் இருந்துவிட்டேன். பனி கூடினால் ஐஸ் கெட்டி என்றே நினைத்திருந்தேன்.

அன்ரனெற் பாஸ். ஒரேயொரு கேள்விதான் பிழை, அதுவும் ஏரிக் கேள்வி இல்லை. நான் பின்வரிசையில் இருந்து மனதுக்குள் விடை சொல்லிப் பார்த்து ஃபெயில்.

ஜனவரி 29, வியாழன்

காலையில் எழும்பியதும் ஃபோனில் வெளிக் குளிரைப் பார்த்தேன். இன்னும் குளிர வேண்டும் என்று செபித்தேன். இந்த நாட்டுக்கு வந்து முதல்தரம்.

பெப்ரவரி 8, ஞாயிறு

இந்தக் கிழமை முழுக்கப் பனி கொட்டுகிறது. பயந்து பயந்து றோயிடம் ஏரிக் கதையை எடுத்தேன். வகுப்பில் சொன்னதைச் சொன்னேன்.

"பேசாலையில கடலுக்க பிறந்து வளந்தவன் நான். எனக்குத் தண்ணியைப் பற்றி வகுப்போ? மேல இவ்வளவு ஸ்னோ கிடக்கேக்க கீழ எப்பிடி மெல்லிசா இருக்கும்?"

போன மாதம்வரை நானும் இதைத்தானே நம்பினேன்? அதனால் கோபிக்கவும் முடியவில்லை. பயம்தான் கூடியது. தெரியாது என்று தெரிந்த ஆள் பயப்படுவார், இவர் பயப்பட மாட்டார்.

பெப்ரவரி 13, வெள்ளி

தண்ணீரில் மிதக்கிற ஜக்கெட் ஒன்று அவளுக்கு வாங்கினேன். பார்த்துவிட்டு றோய் சிரித்தார்.

பெப்ரவரி 15, ஞாயிறு

கொட்டேஜ் குளியலறைக்குள் கதவைப் பூட்டிவிட்டு எழுதுகிறேன்.

நேற்றுக் காட்டுப்பாதையில் ஓட்டினார்கள், பிரச்சினை இல்லை. இன்று காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு கீதன், ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு கடையில் நல்ல சிப்ஸ் போடுகிறார்கள் என்றார். காட்டால் சுற்றினால் நெடுந்தூரம், ஏரிக்குக் குறுக்கே போனால் கிட்ட. வேறு வண்டிகள் போன தடமும் கிடந்தது. றோய் வண்டியில் ஏறினார், கீதன் பின்னால் இருந்தார். எனக்குப் பின்னால வா என்று றோய் மகளைக் கூப்பிட்டார்.

நான் ஜன்னலால் அன்ரனெற்றைப் பார்த்தேன். அவள் ஏரியைப் பார்த்தாள். தகப்பனைப் பார்த்தாள். பிறகு கீதன் அங்கிளைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும் – தெரியும் என்பது முகத்திலேயே இருந்தது. ஆனால் வெளி ஆளுக்கு முன்னால் தகப்பனை மறுத்துச் சொல்ல மாட்டாள். பெரியாக்கள் சொன்னால் எதிர்த்துக் கதைக்கக் கூடாது என்று வளர்த்தது ஆர்? நான்தானே. தலைக்கவசத்தைப் போட்டாள். கயிற்றை ஜக்கெட்டில் கொளுவினாள். எஞ்சினை ஸ்ராட் பண்ணினாள்.

வீட்டுச் செருப்போடு பனிக்குள் ஓடினேன். அவளுடைய கயிற்றைப் பிடுங்கினேன். எஞ்சின் நின்றது.

"இவள் வரமாட்டாள்" என்றேன். "ஆராவது துளை போட்டு அளந்தனீங்களோ?"

கீதன் தன் சப்பாத்தைப் பார்த்தார். கீதனின் மனைவி உள்ளே போய்விட்டார். ஆக்களுக்கு முன்னால் தன்னை விசரன் ஆக்கிவிட்டேன் என்று றோய் சொன்னார். சத்தம் போடவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. பிறகு எஞ்சினை முறுக்கிக்கொண்டு ஏரிக்குள் போய்விட்டார். என் கையில் ஒரு கயிறுதான் இருந்தது. அவருடையதையும் அல்லவா பிடுங்கியிருக்க வேண்டும்?

நான் கரையிலேயே நின்றேன். மடு மாதாவே, மடு மாதாவே என்பதைத் தவிர வேறு செபம் வாயில் வரவில்லை. அன்ரனெற் எனக்குச் சப்பாத்துக் கொண்டுவந்து போட்டுவிட்டாள்.

திரும்பி வந்தார்கள். ஆறிப்போன சிப்ஸோடு வந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

மாதாவுக்குக் கோடி நன்றி. ஆனால் ஒன்றும் நடக்காதபடியால் இப்போது நான்தான் பிழை.

பெப்ரவரி 18, விபூதிப் புதன்

தவக்காலம் தொடங்கியது. றோய் இறைச்சியோடு சேர்த்து என்னோடு கதைப்பதையும் விட்டுவிட்டார்.

பெப்ரவரி 22, ஞாயிறு

கண்ணை மூடினால் அந்த வெள்ளை ஏரி. நான் செய்தது சரியா? அவர் கடந்துபோய் வந்துவிட்டாரே. பிள்ளையையும் என்னைப்போலப் பயந்தாங்கொள்ளி ஆக்கிவிட்டேனா?

பெப்ரவரி 27, வெள்ளி

மீன் குழம்பு. றோய் எனக்குக் கேட்கட்டும் என்று மகளிடம் பகிடி விட்டார், அம்மாட பயம் உனக்கும் தொத்திப் போச்சு என்று.

அன்ரனெற் தலையை நிமிர்த்தாமல் சொன்னாள். "அப்பா, ஐ நியூ. ஒருத்தரும் அளக்கேல்லை எண்டு எனக்குத் தெரியும். ஐ வாஸ் ஸ்கேர்ட், சரியாப் பயந்தன்."

"அப்ப ஏன் வண்டியை ஸ்ராட் பண்ணினனீ?"

"நீங்கள் வா எண்டு சொன்னியள்."

அவ்வளவுதான். முள் எடுத்துச் சாப்பிடத் தொடங்கினாள். றோயின் கை தட்டிலேயே நின்றது. பிறகு எழும்பிக் கையைக் கழுவிவிட்டு ஜக்கெட்டும் போடாமல் பல்கனிக்குப் போனார்.

ஜக்கெட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கீழே லோரன்ஸ் ரோட்டில் போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"நான் கூப்பிட்டா அவள் தண்ணிக்குள்ளயும் வருவாளோ?"

"ஓம்" என்றேன்.

கலியாணம் கட்டின நாளில் இருந்து அவர் முகத்தில் பயத்தை நான் கண்டதில்லை. இன்று கண்டேன். எனக்குச் சந்தோஷமாக இருக்கவில்லை. அவரோடு சேர்ந்து நானும் நடுங்கினேன்.

மார்ச் 7, சனி

கீதன் ஃபோன் பண்ணினார். சீசன் முடியப் போகிறது, கடைசித் தரம், நாளைக்கு வாங்கோ என்கிறார் போல. நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தியை வைத்துவிட்டேன்.

"பொறு கீதன், பிள்ளையைக் கேட்டுச் சொல்லுறன்" என்றார் றோய்.

போய் அவளுடைய அறைக் கதவைத் தட்டினார். இந்த வீட்டில் அவர் கதவு தட்டி நான் பார்த்ததில்லை. உள்ளே என்ன கதைத்தார்கள் என்று முழுக்கக் கேட்கவில்லை. "நோ, அப்பா" என்று அவள் சொன்னது மட்டும் கேட்டது.

"நாங்கள் வரேல்லை. பிள்ளை வேண்டாமாம்" என்று ஃபோனில் சொன்னார். அந்தப் பக்கம் கீதன் சிரித்திருக்க வேண்டும். றோய் சிரிக்காமல் திரும்பவும் அதையே சொன்னார்.