யார் பெயர் முதலில்

2006 பிப்ரவரி 13
ஆய்வுக் கட்டுரைக்குப் பெயர் வரிசையை எங்கள் வழிகாட்டி ரத்தினசாமி சார் எழுதிக் கொடுத்துவிட்டார். பாண்டிச்செல்வி, அப்சானா, ரத்தினசாமி. நான் இரண்டாவதா! எம். புதுப்பட்டியில் பட்டாசு வேலைக்காரர்களின் வீடு வீடாகப் போய் உடம்புக்கு என்ன செய்கிறதென்று அவள் கேட்டு எழுதினாள், சரி. அந்த இருநூற்றுப் பன்னிரண்டு படிவங்களையும் இங்கிலீஷில் மாற்றி, அட்டவணை போட்டு, கட்டுரையை வரிக்கு வரி எழுதியது யார்?

"அவுகளைப் பேச வச்சது அவதானம்மா" என்கிறார் சார். அவளுக்கென்ன, சொந்த ஊர். அம்மாவே பட்டாசு கம்பெனியில். வயிறு எரிகிறது.

ஜூலை 3
இதழில் வந்துவிட்டது. மிளகாய் மண்டியிலிருந்து வந்த அத்தா எழுத்துக் கூட்டிப் படித்தார். "ஒம் பேரு ஏம்மா ரெண்டாவதா கெடக்கு?"


ஜூலை 5
பாண்டிச்செல்வி சேவு வாங்கி வந்தாள். "அம்புட்டும் நீ எழுதுனதுதானடி" என்றாள். தெரிகிறதில்லையா? பெயரை மாற்றச் சொல்ல வாய் வரவில்லையாக்கும்!
சேவு நன்றாக இருந்தது.

செப்டம்பர் 18
மதுரை டாக்டர் ஒருவர் இதழுக்குக் கேள்வி அனுப்பியிருக்கிறார். வெடிமருந்துத் தூசியில் வேலை செய்கிறவர்களில் மூச்சுத் தொல்லை நாலே பேருக்கு, உடல் மெலிவு தொண்ணூற்று நாலு பேருக்கா? முதல் பெயர்க்காரி பதில் சொல்ல வேண்டுமாம். எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. சொல்லட்டுமே!

செப்டம்பர் 19
படிவங்களை இருவரும் புரட்டினோம். அவள் கையெழுத்தில் 'இளைப்பு', 'இளைப்பு' என்றே இருக்கிறது. நான் மெலிவு என்று மாற்றியிருக்கிறேன். எங்கள் வீட்டில் இளைப்பு என்றால் அதுதானே!

"ஏ அப்சானா, எங்க ஊர்ல இளைப்புன்னா மூச்சு வாங்குறதுடி. எங்கம்மாவுக்கு இருக்கே, அது."

தொண்ணூற்று நாலு பேர். ஒரு வார்த்தை அவளிடம் கேட்டேனா? கேட்டால் கௌரவம் குறைஞ்சு போயிருமா எனக்கு?

செப்டம்பர் 20
இதழுக்கு அனுப்பும் திருத்தத்தைப் பாண்டிச்செல்வி தானே எழுதத் தொடங்கிவிட்டாள், தன் பெயரை முதலில் போட்டு. "நானும் அட்டவணையப் பாக்காமத்தான கையெழுத்துப் போட்டேன். மொதப் பேரு எனக்குன்னா பதிலும் நாந்தான்." அதில் என் தப்பைப் பற்றி ஒரு வரி இல்லை.
இதற்கும் பொறாமை வருகிறது. என்ன பிறவி நான்?

செப்டம்பர் 21
சாரிடம் போனேன். "தப்பு என்னோடது சார். திருத்தத்துல என் பேர முதல்ல போடுங்க." சார் தாளை வாங்கி மாற்றி எழுதினார்.

டிசம்பர் 4
திருத்தம் வந்த இதழ் தபாலில் வந்தது. அப்சானா, பாண்டிச்செல்வி, ரத்தினசாமி. அத்தா மேலே 'திருத்தம்' என்றிருந்த தலைப்பை விட்டுவிட்டுப் பெயர்களை மட்டும் எழுத்துக் கூட்டினார். "இந்தா, எம் புள்ள பேரு மொதல்ல!"
மண்டியில் காட்ட எடுத்துப் போயிருக்கிறார்.