அம்மா துப்பிய ஆசி

அன்புள்ளவளுக்கு,

நம் மாசாய் சனங்களைப் பார்க்க வேண்டுமென்று நைரோபி சபையார் கேட்டார்கள். இன்று அம்மாவின் குடிசைக்கே அவர்களைக் கூட்டிப் போனேன்.

நான் தலை குனிந்ததும் அம்மா எப்போதும்போல உச்சந்தலையில் எச்சில் துப்பி ஆசீர்வதித்தாள். சபையார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கைக்குட்டையால் துடைத்துவிட்டேன்.

அம்மா அதைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். சுரைக்குடுக்கையில் பால் கொண்டுவந்து எனக்குத்தான் முதலில் கொடுத்தாள்.

கூட வந்திருந்த நம் போதகர் அவள் முன்னால் குனிந்து, "எனக்கு மட்டும் கிடையாதாம்மா?" என்றார்.

"வழுக்கைத் தலையய்யா, நிக்காது" என்று சிரித்துக்கொண்டே துப்பினாள். அவர் துடைக்கவில்லை. அப்படியே ஜெபம் செய்தார்.

கிளம்பும்போது அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"பேரனைக் கூட்டிட்டு வாடா. பயப்படாத, அவன் தலையில கை மட்டும்தான் வைப்பேன்."

துடைத்த கையால்தான் இதை எழுதுகிறேன்.

உன் கணவன்