புழு நின்ற இடம்

ஓடென்ஸ, ஞாயிறு

அன்பு மகள் தோவாவுக்கு,

இங்கே நாங்கள் நலம், உன் அம்மாவின் முழங்காலைத் தவிர. ட்ரோன்ஹைமில் நீயும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன், உன் கையால் நாலு வரி வந்து மாதமாகிறது. கொட்டகைக் கூரை மறுபடி ஒழுகுகிறது, அது தன் மரக்கிளை விழுந்து உடைந்ததல்ல என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர், நான் நம்பவில்லை. நம்பாத இன்னொன்றைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன், தபால் நாளைக்குள் வந்து சேராது என்பதால் மின்னஞ்சலில்.

நீ அனுப்பிய ஆய்வுக் கட்டுரையைப் படித்தேன். ஒற்றைச் செல்லில் தொடங்கி, ஒவ்வொரு செல்லும் பக்கத்துச் செல்லை மட்டும் பார்த்துப் பிரிந்து பெருகி, கணினிக்குள் ஒரு புழுவாகி, தன் அளவு தெரிந்து தானே வளர்ச்சியை நிறுத்திக்கொள்கிறது என்கிறீர்கள். அழகுதான். ஆனால் என்னை முதலில் உறுத்தியது புழு இல்லை, எழுதியவர்களின் பெயர் வரிசையில் உன் பெயர் முதலில் இருந்தது. உன் பேராசிரியர் ஹோல்கரோடு ஒரே துறையில் வருடக்கணக்காக இருந்தவன் நான். அவன் யாருக்கும் முதலிடம் விட்டுப் பார்த்ததில்லை, என் பெயரை நன்றியுரைக்குத் தள்ளியவன், துறையில் வெள்ளிக்கிழமைதோறும் வெட்டும் கேக்கில்கூட ஓரத்துண்டைத் தொடமாட்டான், நடுத்துண்டுதான் வேண்டும். உனக்கு மட்டும் ஏன் இந்தத் தாராளம்?

அதனால் உன் நிரலை இங்கே ஓட்டினேன். புழு வளர நீங்கள் திரையில் ஒதுக்கியிருந்த சதுரத்தை இருமடங்காக்கினேன். பழைய அளவில் அது நிற்கவில்லை, புதிய எல்லையில் போய் முட்டித்தான் நின்றது. ஓரத்துச் செல்லுக்கு அந்தப் பக்கம் அண்டைச் செல் இல்லை, உடம்பு அங்கே முடிந்தது என்று எடுத்துக்கொண்டு தோலாகிவிடுகிறது. புழுவுக்குத் தன் அளவு தெரியாது தோவா, சுவர்தான் தெரியும்.

ஹோல்கருக்குப் போன் செய்தேன். போன மாதம் செய்தித்தாளில் என் புழு, என் புழு என்று பேட்டி கொடுத்தவன், சதுரத்தைப் பற்றிக் கேட்டதும், "அது முழுக்க உன் பொண்ணு வேலைப்பா. அவளையே கேட்டுக்கோ, நான் அந்தப் பக்கமே போகல" என்றான். பக்கத்தில் இருந்த உன் அம்மா, "அவன்மேல உள்ள கடுப்ப பிள்ளை தலையில எறக்காத, எஸ்பென்" என்றாள். கடுப்பு உண்டு, மறுக்கவில்லை. அதற்காகச் சுவர் இல்லாமல் போய்விடாது.

செவ்வாய்க்கிழமை கட்டுரை அச்சுக்குப் போகிறது என்றாய். என்னை நம்ப வேண்டாம். நாளைக்கு ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் காப்பியோடு உட்கார்ந்திருக்கும்போது, ஹோல்கர் எதிரிலேயே சதுரத்தைப் பெரிதாக்கி நீயே ஓட்டிக்காட்டு. அவன் அறைக்குப் போய்த் தனியாகக் காட்டாதே. கதவு திறந்து வெளியே வரும்போது அது நீ செய்த பிழையாகவும் அவன் கண்டுபிடித்ததாகவும் மாறியிருக்கும்.

உன் உழைப்பு உன் பெயரைக் காக்கட்டும், எல்லா நலமும் கூடட்டும். வியாழன் அம்மாவின் பிறந்தநாள், மறக்காமல் பேசு. புழு பழைய சுவர் தாண்டி வளரும்போது, முதலில் எழுந்து வெளியே போனது யார் என்று மட்டும் எனக்கு எழுது.

உன் அப்பா,
எஸ்பென்